மாமா வரைந்த சித்திரக்கதைப் பக்கங்கள் 14 இருக்கின்றன, 40,000 ரூபாய்க்குக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

லயத்துப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுகிற ஆள் இல்லை. பழைய ராணி காமிக்ஸ், முத்து காமிக்ஸ் பற்றி யாராவது பேசினால் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவன். இப்போது ஒரு சிக்கல், அதனால் வந்திருக்கிறேன்.

என் அம்மாவின் அண்ணன் ஹட்டன் டவுனில் போர்ட் எழுதிக்கொண்டிருந்தவர். கடைப் போர்ட், லொறியின் பின்பலகை, கோயில் திருவிழாவுக்குத் துணி பேனர், தேர்தல் வந்தால் சுவர், எல்லாம். இதற்கு நடுவே எழுபதுகளின் கடைசியில் கொழும்பில் இருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைக்குச் சித்திரக்கதை வரைந்திருக்கிறார். ஒரே ஒரு கதை, 15 வாரம், வாரம் ஒரு பக்கம். தோட்டத்துக்குக் கடிதப் பை சுமக்கிற தப்பால்காரர் ஒருவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், நடக்கும் திருட்டைக் கண்டுபிடிக்கிற கதை. மாமா 2009இல் தவறிவிட்டார், மாமி இந்த வருடம். மாமியின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது சேலைகளுக்கு அடியில் 14 பக்கங்கள். ஒன்பதாவது மட்டும் இல்லை.

தாள் ஏ3யைவிடக் கொஞ்சம் பெரிது. மாமா நல்ல வரைபட அட்டை வாங்கக் கண்டிக்குப் போக வேண்டும், அதற்குக் காசும் இல்லை, அதனால் கடைகளில் வருடப் பிறப்புக்குக் கொடுத்த பெரிய காலண்டர்களின் பின்பக்கத்தில் வரைந்திருக்கிறார். முன்னால் தப்பால்காரர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார், திருப்பினால் லட்சுமி தாமரையில் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா வேறு "லட்சுமியை யாராவது விற்பார்களா" என்கிறார்.

நான் இரண்டு படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். கொழும்பில் இருந்து ஒருவர், யாரோ நண்பரின் நண்பர், எல்லாவற்றையும் சேர்த்து 40,000 தருகிறேன் என்கிறார். எங்கள் வீட்டு நிலைமைக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனால் இணையத்தில் தேடினால் ஒரே ஒரு ஸ்பைடர்மேன் பக்கம் 33 லட்சம் டாலருக்குப் போயிருக்கிறதாம். அதைப் பார்த்ததில் இருந்து தூக்கம் இல்லை. உண்மையில் என் கையில் இருப்பதற்கு என்ன விலை?

நானுஓயா ஸ்டேஷன்:

33 லட்சம் டாலர் வந்ததும் எனக்கு ஒரு பிளேன் டீ தம்பி. வடையோடு.

கண்டிக்கலெக்டர்:

தம்பி, முதலில் அந்த ஸ்பைடர்மேன் கணக்கைத் தலையில் இருந்து இறக்கி வையுங்கள். அது 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலத்தில் போன பக்கம். 1984இல் தொடங்கிய சீக்ரெட் வார்ஸ் தொடரில் 8ஆம் இதழ், 25ஆம் பக்கம், மைக் ஸெக் வரைந்தது. ஸ்பைடர்மேனுக்கு அந்தக் கறுப்பு உடை எப்படி வந்தது என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏலக் கேள்வி 3,30,000 டாலரில் ஆரம்பித்து 33,60,000இல் நின்றது. அன்றைக்கு டாலர் நம் காசில் 200 சொச்சம், ஆக 67 கோடி ரூபாய். இன்றைய 300க்குப் போட்டால் 100 கோடி. யாராவது அதை வாங்கி நுவரெலியாவில் பூட்டி வைத்திருந்தால் பக்கத்தின் விலை ஏறாமலே 33 கோடி ஏறியிருக்கும், நம் ரூபாய் அப்படி.

ஏன் அந்த விலை? படம் உலக மகா ஓவியம் என்பதற்காக இல்லை, சும்மா சொல்லக்கூடாது, ஸெக் நல்ல கைதான், ஆனால் அதைவிட நல்ல பக்கங்களை அவரே வரைந்திருக்கிறார். அந்த உடையில் இருந்து வெனம் என்கிற பாத்திரம் வந்தது, வெனத்தில் இருந்து சினிமா வந்தது, அந்த இதழைப் பத்து வயதில் படித்த பையன்களுக்கு இன்று ஐம்பது வயது, கையில் காசு இருக்கிறது. அச்சடித்த இதழ் லட்சக்கணக்கில் கிடக்கும். மை பட்ட அட்டை ஒன்றே ஒன்று. அவ்வளவுதான் விஷயம். 2014இல் ஹல்க் 180ஆம் இதழின் கடைசிப் பக்கம், வுல்வரின் முதன்முதலாகத் தலைகாட்டும் பக்கம், 6,57,250 டாலருக்குப் போனது. ஹெர்ப் டிரிம்ப் வரைந்தது. 1983இல் அவரே ஒரு பையனுக்குச் சும்மா கொடுத்த பக்கம் அது. அன்றைக்கு யாருக்கும் அது காசு என்று தெரியாது.

சரக்கும் குறைவு. அறுபதுகள் வரை அங்கே பதிப்பகங்கள் ஒரிஜினலைக் கிழித்துப் போட்டன, எரித்தன, அலுவலகம் பார்க்க வந்த பிள்ளைகளுக்குக் கொடுத்தன. எழுபதுகளில்தான் ஓவியரிடம் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் வந்தது. ஜாக் கிர்பி மார்வலோடு வருடக்கணக்காகச் சண்டை போட்டு 1987இல் வாங்கியது ஏறக்குறைய 2,000 பக்கம், அவர் அவர்களுக்கு வரைந்தது 10,000க்கும் மேல்.

இப்போது உங்கள் மாமாவின் பக்கம். அந்தப் பத்திரிகையை வாசித்தவர்கள் எத்தனை பேர், அதில் இன்று இந்தக் கதை ஞாபகம் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? நம் நாட்டில் சித்திரக்கதை ஒரிஜினலுக்குச் சந்தை என்று ஒன்று கிடையாது. கமிலஸ் பெரேராவின் கஜமேன் மாதிரி வீட்டுக்கு வீடு தெரிந்த பாத்திரமாக இருந்தால் சிங்களப் பக்கம் நாலு பேர் போட்டி போடுவார்கள். உங்களுடையதற்கு 40,000 அநியாய விலை இல்லை. 75,000 கேளுங்கள், 55க்கு வருவார்.

ஹப்புத்தளை டீச்சர்:

கலெக்டர் ஐயாவுக்கு எதைக் கண்டாலும் விலை. தம்பி, நான் வேறொன்று கேட்கிறேன். இந்த நிமிடம் அந்தப் பக்கங்கள் எங்கே, எதில் சுற்றி இருக்கின்றன?

லயத்துப்பையன்:

டீச்சர், பத்திரிகைத் தாளில் சுற்றி, மேலே பொலித்தீன் போட்டு, அலுமாரி மேல் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் டவுனில் கொமியூனிகேஷன் (ஃபோட்டோகொபிக் கடை) வைத்திருக்கிறார், கொண்டு வா, பெரிய சைஸில் லேமினேட் செய்து தருகிறேன், நூறு வருடம் நிற்கும் என்றார். நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன்.

ஹப்புத்தளை டீச்சர்:

போகாதே!! கடவுளே, நல்ல வேளை கேட்டேன்.

லேமினேட் என்றால் சூட்டில் பிளாஸ்டிக்கை உருக்கித் தாளோடு ஒட்டுவது. திரும்ப எடுக்கவே முடியாது. வைட்னர் பூசிய இடம், ஒட்டுத் தாள், எல்லாம் நசுங்கி ஒன்றாகிவிடும். பிறப்புச் சான்றிதழுக்கே அது கூடாது, நாம் எல்லாரும் செய்து வைத்திருக்கிறோம், அது வேறு விஷயம். நான் பள்ளிக்கூட நூலகத்தைப் பத்து வருடம் பார்த்தவள், மலைநாட்டு ஈரம் தாளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஜூன், ஜூலையில் துணியே காயாத ஊரில் தாள் மட்டும் எப்படிக் காயும்.

இன்றைக்கே செய்: பத்திரிகைத் தாளை எடுத்து எறி, அதில் இருக்கிற அமிலம் இந்தத் தாளுக்கு ஏறிப் பழுப்பாக்கும். பொலித்தீனை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்க்கும், பூஞ்சணம் பிடிக்கும். இப்போதைக்கு இரண்டு பக்கத்துக்கு நடுவே ஒரு சுத்தமான வெள்ளைத் தாள், மேலும் கீழும் தட்டையான அட்டை, படுக்கவைத்து வை, உருட்டாதே. அலுமாரியின் மேல் வேண்டாம், கூரை ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். சுவரில் ஒட்டியும் வேண்டாம். உள்ளே கொஞ்சம் சிலிக்கா ஜெல், நீலம் ரோசாகும்போது எடுத்துச் சூடு காட்டித் திரும்ப வைக்கலாம். அப்புறம் கொழும்பிலோ இந்தியாவிலோ யாராவது வரும்போது அமிலம் இல்லாத அட்டையும் பாலியெஸ்டர் உறையும் சொல்லி எடு. செலோடேப் கிட்டேயே வரக்கூடாது. தாள் தின்னும் இராமபாணப் பூச்சி இருக்கிறதா பார். பூச்சி உருண்டையைத் தாள் மேல் போடாதே.

விற்பதா வேண்டாமா என்பது அடுத்த மாதப் பிரச்சினை. ஸ்கேன் எடுத்தாயா?

லயத்துப்பையன்:

இல்லை டீச்சர். ஃபோனில் எடுத்ததுதான். பொலித்தீனை இப்போதே அவிழ்த்துவிட்டேன். உள்ளே உண்மையிலேயே லேசாக ஈரமாகத்தான் இருந்தது.

சிவகாசி சந்தா:

தமிழ்நாட்டில் இருந்து எழுதுகிறேன். காலண்டர் என்றதும் உள்ளே வந்துவிட்டேன், அந்த லட்சுமி எங்கள் ஊரில் அச்சடித்தவளாகவே இருக்கலாம் 🙂

உங்கள் கையில் இருப்பது எவ்வளவு அபூர்வம் என்று சொல்கிறேன் கேளுங்கள். இங்கே முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது, லயன் 1984இல் மாடஸ்டியோடு. அரை நூற்றாண்டாகத் தமிழில் காமிக்ஸ் படிக்கிறோம். ஆனால் நாம் உயிரை விடும் நாயகர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். இரும்புக்கை மாயாவி பிரிட்டனின் வேலியண்ட் இதழுக்காக ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. டெக்ஸ் வில்லர் இத்தாலி. கேப்டன் டைகர் பிரான்ஸ். அந்த ஒரிஜினல் எல்லாம் ஐரோப்பாவில் யாரோ வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ஒரு மலையகத்து ஆள், மலையகத்துக் கதையை, மலையகத்துத் தாளில் வரைந்த ஒரிஜினல், அதுவும் கிட்டத்தட்ட முழுக்கதை! எனக்குத் தெரிந்து யாரும் இப்படி ஒன்றைக் காட்டியதில்லை.

விலை என்று வந்தால் கலெக்டர் சார் சொல்வது சரிதான், ஆனால் நடுவில் ஒரு படி இருக்கிறது. எல்லாமே கோடி இல்லை. டெக்ஸ் பக்கங்கள் சாதாரணக் கட்டங்கள் உள்ளவை ஐரோப்பிய இணைய ஏலங்களில் சில நூறு யூரோவுக்குக்கூடக் கிடைக்கின்றன. டெக்ஸ் 1948இல் இருந்து வருகிறது, மாதம் நூற்றுக்கும் மேல் பக்கம், சரக்கு மலை மாதிரி. நாயகன் இல்லாத பக்கம் மலிவு, நாயகன் குதிரையில் துப்பாக்கியோடு நின்றால் இரண்டு மூன்று மடங்கு, அட்டைப்படம் என்றால் கிட்டேயே போக முடியாது.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு. ஓவியம், கையெழுத்துப் பிரதி போன்றவற்றின் மூலம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் படைத்தவருக்கோ வாரிசுக்கோ அதிகபட்சம் 10 சதவீதம் வரை பங்கு கேட்க உரிமை உண்டு. பிரான்ஸில் இப்படி ஓர் உரிமை 1920இல் இருந்தே இருக்கிறது. அமெரிக்காவில் கிடையாது, அதனால் 33 லட்சம் டாலர் ஏலத்தில் சட்டப்படி ஓவியருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் நாட்டுச் சட்டத்தை உங்கள் ஊர் வக்கீலிடம் கேளுங்கள்.

கண்டிக்கலெக்டர்:

நடுவில் ஒரு படி என்றீர்களே, அந்தப் படியில் நான் வழுக்கி விழுந்த கதையைச் சொல்கிறேன். தம்பிக்கும் உதவும், உங்களிடம் வாங்குகிறவர் எதைப் பார்ப்பார் என்று தெரியும்.

எனக்குச் சின்ன வயதில் இருந்து வேதாளர் (ஃபேன்டம்) பைத்தியம். ஸை பாரி 1961இல் இருந்து 1994 வரை அதை வரைந்தார், உதவியாளர்களோடு. வாரம் ஆறு டெய்லி, அதாவது நாளிதழில் தினம் ஒரு துண்டு, என்று வைத்தால்கூட 33 வருடத்தில் 10,000 தாண்டும். அதனால்தான் அந்தத் துண்டுகள் இன்றும் சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. இணையத்தில் ஒருவரிடம் 180 டாலருக்கு ஒன்று பிடித்தேன். தபால் கட்டணம், சுங்கம் எல்லாம் கொடுத்து வாங்கி, ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டி, வருகிறவர்களை எல்லாம் நிற்கவைத்துக் காட்டினேன். மனைவி மட்டும் "இந்தக் காசுக்குப் புது ஃபேன் வாங்கியிருக்கலாம்" என்றாள்.

ஒரு வருடம் கழித்து காமிக் ஆர்ட் ஃபேன்ஸ் தளத்தில் ஒரு ஆளின் சேகரிப்பை மேய்ந்துகொண்டிருந்தேன். அதே துண்டு. அதே தேதி. ஒரு தேதிக்கு இரண்டு ஒரிஜினல் இருக்க முடியாதே. ஃபிரேமைக் கழற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என்னுடையதில் பென்சிலின் சுவடே இல்லை. அவருடையதில் கட்டத்தின் ஓரங்களில் நீலப் பென்சில் தெரிகிறது, அந்த நீலம் அச்சுக் கேமராவில் விழாது, அதனால் அழிக்காமல் விட்டுவிடுவார்கள். அவருடையதில் உரிமைக்குறிப்பு தனியாக அச்சடித்து ஒட்டிய சின்னத் துண்டு, ஓரத்தில் பசை பழுப்பேறி இருக்கிறது. என்னுடையதில் அதையும் கையால் வரைந்திருக்கிறான்! தூரிகைக் கோடு என்றால் மெலிதாக ஆரம்பித்துத் தடித்து மெலியும். என்னுடையதில் எல்லாக் கோடும் ஒரே தடிப்பு, மார்க்கர். கீழே விளக்கு வைத்துப் படியெடுத்தது. விற்றவரின் கணக்கு அதற்குள் மறைந்துவிட்டது.

ஆகவே தம்பி, உங்கள் பக்கங்களில் பென்சில், வைட்னர், ஒட்டு, ஓரத்தில் பத்திரிகைக்காரர்களின் குறிப்பு, இதெல்லாம் இருந்தால் அழுக்கு என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

லயத்துப்பையன்:

அழிரப்பர் வாங்கிவிட்டேன் அண்ணே, உண்மையைச் சொல்கிறேன். இனித் தொட மாட்டேன்.

நீங்கள் சொன்ன பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். மேல் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் "புளொக் 7 அங்" என்று வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். நாலாம் பக்கத்தில் கணக்கப்பிள்ளையின் (தோட்ட வேலையை மேற்பார்க்கிறவர்) முகம் முழுக்க வெள்ளை மேல் வெள்ளையாகப் பூசித் திரும்ப வரைந்திருக்கிறது, தடவினால் மேடாகத் தெரிகிறது. பதினோராம் பக்கத்தில் ஒரு பேச்சுக் குமிழி ஒட்டின தாள், பசை காய்ந்து ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடியில் எட்டிப் பார்த்தால் பழைய வசனம்: "துரைக்கும் இதில் பங்கு இருக்கு", துரை என்றால் தோட்ட மேனேஜர். மேலே ஒட்டியதில்: "யாருக்கு இதில் பங்கு?" பத்திரிகையில் மாற்றச் சொல்லியிருப்பார்களோ, மாமாவே பயந்தாரோ. அம்மாவுக்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் அம்மா சொன்னார். பத்திரிகை கடைசி ஆறு வாரத்துக்குக் காசு கொடுக்கவில்லை. மாமா இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், நாள் முழுக்கக் காத்திருந்து, காசு இல்லை என்றதும் "அப்ப என் படத்தையாவது கொடு" என்று வாங்கிக்கொண்டு வந்தாராம். அதனால்தான் இவை இருக்கின்றன.

சிவகாசி சந்தா:

அந்தக் குமிழியைப் பிடுங்காதீர்கள்! இரண்டு நிலையிலும் படம் எடுங்கள். என் கணக்கில் அந்த ஒரு ஒட்டுத்தாளுக்கே 40,000 கொடுக்கலாம்.

காலண்டரில் வருடம் இருக்குமே, என்ன போட்டிருக்கிறது?

லயத்துப்பையன்:

பெரும்பாலும் 1978. இரண்டு தாளில் 1979.

கண்டிக்கலெக்டர்:

நல்ல தடயம். காலண்டர் முந்தின வருடக் கடைசியிலேயே அச்சாகிவிடும், ஆக 78 கடைசிக்கு முன் கதை முடிந்திருக்க வழியில்லை. வீட்டில் பழைய காலண்டரை எத்தனை வருடம் வைத்திருந்தார்கள் என்பது வேறு.

டொரொண்டோ தலவாக்கலை:

இந்த இழையை என் மகள் அனுப்பினாள். இரண்டு முறை வாசித்தேன். தம்பி, அந்தக் கதையில் தப்பால்காரர் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் வரும்போது சுவரோடு ஒட்டி நிற்கிற இடம் இருக்கிறதா?

நான் தலவாக்கலையில் சலூன் கதிரையில் என் முறைக்குக் காத்திருந்து வாசித்தவன். பதினொரு வயது. அந்த வாரம் முடிவெட்டிக்கொண்டு போன பிறகு அடுத்த வாரத்துக்காக மறுபடி சலூனுக்குப் போய், முடி இல்லாமல் என்னடா வெட்டுவது என்று விரட்டினார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் ஊரைவிட்டு, இந்தியா, அப்புறம் இங்கே. அந்தச் சுரங்கப் பக்கத்தை நாற்பது வருடத்துக்கு மேல் மனதில் வைத்திருக்கிறேன். பத்திரிகைப் பெயரே மறந்துவிட்டது.

அந்த ஒரு பக்கத்தை எனக்குக் கொடுங்கள். 1,000 கனேடியன் டாலர் தருகிறேன். விளையாட்டு இல்லை.

நானுஓயா ஸ்டேஷன்:

அடேயப்பா. இரண்டு லட்சத்துக்கு மேல். என் வடை உறுதி.

கண்டிக்கலெக்டர்:

பார்த்தீர்களா, நான் சொன்ன சந்தை இதுதான். ஞாபகம் இருக்கிற ஒரு ஆள் வந்ததும் 14 பக்கத்துக்கு 40,000 என்றது ஒரு பக்கத்துக்கு இரண்டு லட்சம் ஆகிவிட்டது. என் கணிப்பு தப்பு, ஒப்புக்கொள்கிறேன். தம்பி, கொழும்பு ஆளுக்கு இன்றைக்கே இல்லை என்று சொல்லுங்கள்.

ஆனால் டொரொண்டோ அண்ணன் கோபிக்கக்கூடாது, கதையை உடைத்து விற்பது எனக்குப் பிடிக்காது. வெளிநாட்டில் முழுக்கதையாக இருந்தவற்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்றுவிட்டு இன்று ஒன்றுசேர்க்க முடியாமல் தேடுகிறார்கள். தனித்தனியாக விற்றால் கூடக் காசு, அதனால் உடைக்கிறார்கள். நல்ல பக்கம் போய்விடும், மீதி 13ஐ யாரும் சீந்த மாட்டார்கள்.

ஹப்புத்தளை டீச்சர்:

கலெக்டர் ஐயா, முதல் முறையாக உங்களோடு ஒத்துப்போகிறேன், தேதி குறித்து வையுங்கள்.

டொரொண்டோ தலவாக்கலை:

உடைப்பது தப்பு என்று சுலபமாகச் சொல்லலாம் டீச்சர். உங்கள் ஊர் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. நான் ஒரு பக்கம் கேட்டேன், தோட்டத்தையே கேட்கவில்லை.

ஹப்புத்தளை டீச்சர்:

அண்ணா, அது நியாயம்தான். மன்னிக்க வேண்டும்.

மையும் தூரிகையும்:

நுவரெலியாவில் இருந்து. நான் ஓவியம்தான் தொழில், வெளிநாட்டு ஆர்டர்கள். எல்லாம் டேப்லட்டில். பத்து வருடம் வரைந்திருக்கிறேன், சுவரில் மாட்ட ஒரு ஒரிஜினல் என்னிடம் கிடையாது, ஃபைல்தான். உலகம் முழுக்க இதுதான் நிலைமை, மை பட்ட பழைய பக்கங்களுக்கு விலை ஏற இதுவும் ஒரு காரணம், புதிதாகச் சரக்கு வருவதில்லை. அதனால் இந்தக் காலண்டர் பக்கங்களைப் பார்த்துக் கொஞ்சம் வயிறெரிந்தது.

இரண்டு விஷயம் யாரும் கேட்கவில்லை. ஒன்று, மாமாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? டிரங்குப் பெட்டி உங்கள் கையில் இருப்பதால் பக்கம் உங்களுடையது ஆகிவிடாது. டின்டின் வரைந்த ஹெர்ஜே 1936இல் நீலத்தாமரை என்கிற டின்டின் புத்தகத்தின் அட்டைக்கு வரைந்த ஓவியம் 2021இல் பாரிஸ் ஏலத்தில் 32 லட்சம் யூரோ போனதே, அச்சடிக்கச் செலவு கூடும் என்று பதிப்பகத்தில் ஒதுக்கிய படம் அது. பதிப்பாளரின் சின்ன மகனுக்குப் பரிசாகக் கொடுத்தார், அவன் மடித்து டிராயரில் வைத்தான் என்பது அந்தக் குடும்பத்தின் பேச்சு. மடிப்புக் கோடுகள் படத்தில் இன்றும் இருக்கின்றன. பரிசா, இரவலா என்று இப்படிப்பட்டவற்றில் பின்னால் எப்போதும் பேச்சு வரும். உங்களுக்கும் வரும்.

இரண்டு, தாளை வாங்குகிறவர் தாளைத்தான் வாங்குகிறார், கதையை அச்சிடும் உரிமையை இல்லை. விற்றாலும் ஸ்கேன் உங்களிடம் இருக்க வேண்டும், புத்தகம் போடும் உரிமை உங்கள் குடும்பத்திடம் என்று எழுதி வாங்குங்கள். கொழும்புக்காரர் புத்தகம் போடத்தான் கேட்கிறாரோ என்னவோ.

லயத்துப்பையன்:

இது எனக்குத் தோன்றவே இல்லை. மாமாவுக்கு ஒரே மகள். 83இல் கட்டிக்கொடுத்து, கூடலூர்ப் பக்கம் போய்விட்டார்கள், தலைமன்னாரில் கப்பல் ஏறிய கடைசி ஆட்களில் மதினியும் ஒருவர். மாமியின் இழவுக்கும் வர முடியவில்லை, வாட்ஸ்அப்பில்தான் அழுதார். இன்று இரவு பேசுகிறேன்.

லயத்துப்பையன்:

(மூன்று நாள் கழித்து)

நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதினியிடம் பேசினேன். படங்களை ஒவ்வொன்றாக வீடியோவில் காட்டினேன். நாலாம் பக்கத்துக் கணக்கப்பிள்ளையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அது அவர்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் முகமேதானாம், பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டால் மாமிக்குத் தோட்டத்தில் பெயர் வெட்டிவிடுவார்கள், வேலை போய்விடும் என்று மீசையும் கண்ணாடியும் வைத்து மாற்றினாராம். வெள்ளை மேல் வெள்ளை அதற்குத்தான்.

காசு பற்றிக் கேட்டேன். "நீ வைத்துப் பார்த்துக்கொள்கிறாய், எனக்கு ஒரு நல்ல பிரிண்ட் போட்டு அனுப்பு, சட்டம் போட்டு வைக்கிறேன். விற்றால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விற்க வேண்டும்" என்றார். அதோடு விட்டிருந்தால் சரி. நான் சும்மா, ஒன்பதாம் பக்கம் மட்டும் காணவில்லை மதினி என்றேன். "அது காணாமல் போகவில்லையே, முருகன் பின்னால் இருக்கிறதே" என்கிறார்!

அவருடைய கல்யாணத்துக்கு முந்தின வருடம் கதிர்காமத்தில் வாங்கி வந்த முருகன் படத்துக்குச் சட்டம் போடும்போது பின் அட்டை இல்லை, மாமா கையில் கிடைத்ததை வெட்டாமல் மடித்து வைத்து ஆணி அடித்துவிட்டாராம். அந்தப் படம் இப்போதும் எங்கள் வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது. தினமும் நான் கும்பிடுகிற படம்.

அம்மா முதலில் கழற்ற விடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்து முடிந்த பிறகுதான் விட்டார். ஆணி துருப்பிடித்து ஒன்று உடைந்தது. உள்ளே ஒன்பதாம் பக்கம், டொரொண்டோ அண்ணே, நீங்கள் கேட்ட சுரங்கப் பக்கம் அதுதான். பாதி அகலத்துக்கு ஒரு பெரிய கட்டம், முழுக்கக் கறுப்பு மை, நடுவில் ரயிலின் விளக்கு மட்டும் தாளின் வெள்ளை. தப்பால்காரர் சுவரோடு சுவராக. மற்ற பக்கங்களைவிடக் கறுப்பு நன்றாக இருக்கிறது, வெளிச்சமே படாததால் இருக்கலாம். நடுவில் மடிப்பு. மேல் மூலையில் இராமபாணம் தின்றிருக்கிறது, விபூதி ஏறியிருக்கிறது. கீழ் ஓரம் சட்டத்தோடு கோதுமை மாப் பசையில் ஒட்டியிருக்கிறது, அதை எப்படி எடுப்பது?

கொழும்புக்காரருக்கு இல்லை என்று சொன்னேன். 60,000 என்றார். மாமா எந்தப் பத்திரிகைக்கு வரைந்தார் என்று நான் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது, அது கொஞ்சம் யோசிக்கவைத்தது. மையும் தூரிகையும் அக்கா சொன்னது சரியாக இருக்கலாம்.

டொரொண்டோ அண்ணே, இப்போதைக்குப் பக்கத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. முதலில் கண்டியில் பெரிய ஸ்கேனர் உள்ள இடம் கலெக்டர் அண்ணன் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார், 15ஐயும் 600 டிபிஐயில் எடுத்து உங்களுக்கு அந்தப் பக்கத்தை அதே அளவில் அனுப்புகிறேன். காசு வேண்டாம்.

ஹப்புத்தளை டீச்சர்:

பசைக்குத் தண்ணீர் வைக்காதே, சூடு காட்டாதே, கத்தியும் வேண்டாம். மையில் அரக்கு இல்லாவிட்டால் ஓடிவிடும். சட்டத்தின் அந்தத் துண்டு மரத்தோடே பிரித்து, அப்படியே தட்டையாக வை. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தாள் பராமரிப்பு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நேரில் கொண்டுபோய்க் கேட்போம். நானும் வருகிறேன். விபூதியைத் தட்டாதே, மெல்லிய தூரிகை இருந்தால் ஒரே பக்கமாகத் துடை.

டொரொண்டோ தலவாக்கலை:

சரி தம்பி. சந்தோஷம். ஸ்கேனுக்கும் தபாலுக்கும் ஆகும் செலவை நான்தான் தருவேன், அதில் பேச்சு இல்லை.

மூலையில் பூச்சி தின்ற இடத்தில் ஒரு குமிழி இருக்க வேண்டும். தப்பால்காரரின் பெண்சாதி சுரங்க வாயில் நின்று கத்துவாள். என்ன எழுதியிருக்கிறது?

லயத்துப்பையன்:

முன்பாதி போய்விட்டது அண்ணே. "...ங்கத்துக்குள்ள போகாதீங்க, ஆறரை மெயி..." அதோடு நிற்கிறது.

டொரொண்டோ தலவாக்கலை:

ஆறரை இல்லை. ஏழரை மெயில். எனக்கு நன்றாக ஞாபகம்.

நானுஓயா ஸ்டேஷன்:

எந்த மெயில் என்றாலும் லேட்டாகத்தான் வந்திருக்கும். அவர் தப்பியது அதனால்தான்.